தெரிந்ததைச் செய்ய முடியாத அந்த நொடி

பதினான்கு வயது மாணவனைத் தனியே அழைத்து, "நண்பன் பேசிக்கொண்டிருக்கும்போது நீ என்ன செய்யணும் தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். "அவன் முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும் டீச்சர்" என்று சரியாகவே சொல்வான். பத்து நிமிடம் கழித்துச் சிற்றுண்டிச்சாலை வரிசையில் அதே நண்பனின் பேச்சில் மூன்று முறை குறுக்கிடுவான். அவன் கையில் இருக்கும் குவளையைத் தட்டிவிடுவான். அடுத்தவனின் பட்டப்பெயரைச் சத்தமாகச் சொல்லிச் சிரிப்பான். வேண்டுமென்றே செய்கிறான், நடிக்கிறான் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு, சுருக்கமாக ஏ.டி.எச்.டி., உள்ள பிள்ளையிடம் பெரும்பாலும் இல்லாதது அறிவு அல்ல. அறிந்ததை அந்த நொடியில் எடுத்துப் பயன்படுத்தும் திறன்தான் தடுமாறுகிறது. 1902-ஆம் ஆண்டிலேயே லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், நல்ல அறிவிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத பிள்ளைகளைப் பற்றி விரிவுரை ஆற்றினார். இன்றைய பெயர் 1987-இல் வந்தது. உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐவருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர்!

2007-இல் வெளியான ஆய்வுக்காக அமெரிக்க தேசிய மனநலக் கழகத்தின் பிலிப் ஷா குழுவினர், இப்பிள்ளைகளின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியால் பல ஆண்டுகள் தொடர்ந்து படம் எடுத்தனர். மூளையின் மேலுறை தன் உச்சத் தடிமனை மற்றப் பிள்ளைகளிடம் சுமார் ஏழரை வயதில் எட்டியது. இவர்களிடம் சுமார் பத்தரை வயதில்தான் எட்டியது. வளரும் வரிசை அதேதான், வேகம் மட்டும் குறைவு. திட்டமிடுதலையும் அடக்கிக்கொள்வதையும் கவனிக்கும் முன்மூளைப் பகுதியில் இந்தத் தாமதம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. "வயசுக்கேத்த புத்தி இல்லை" என்று தோட்டத்துப் பாட்டிமார்கள் சொல்வது வசைதான். ஆனாலும் அவர்கள் கண்ணில் பட்டது மெய்.

பேச்சு நாம் நினைப்பதைவிட நுட்பமான வேலை. ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஏறத்தாழ 200 மில்லி வினாடி என்று பத்து மொழிகளை ஆராய்ந்த 2009-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. கண் இமைக்கும் நேரம்! கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரத்து மின்மினிகள் ஒன்றையொன்று பார்த்துத் தாளம் தவறாமல் மினுக்குவதைப் படகில் போய்ப் பார்க்கிறோமே, நாமும் பேசும்போது அப்படித்தான் ஒருவர் தாளத்துக்கு மற்றவர் இசைந்துபோகிறோம். எதிரில் இருப்பவரின் முகம், குரல் இறங்கும் விதம், நம் நாக்கு நுனியில் நிற்கும் சொல் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். கவனம் சிதறுபவனுக்கு முதல் இரண்டும் நழுவிவிடும், மூன்றாவது வாயிலிருந்து குதித்துவிடும்.

இதற்கு அவன் கொடுக்கும் விலை பெரியது. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், இக்குறைபாடுள்ள பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோரைச் சக வகுப்பினர் ஒதுக்கியிருந்தார்கள். அதைவிடக் கலங்கவைப்பது 1994-இல் வெளியான ஓர் ஆய்வு: கோடை முகாமில் புதிதாகச் சந்தித்த சிறுவர்கள் இவர்களை முதல் நாளிலேயே வெறுக்கத் தொடங்கிவிட்டனர்.

நம் வட்டாரப் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துச் சிறிய தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளை ஆறு ஆண்டுகள் அதே சில முகங்களோடு வளர்கிறான். அவன் குணம் அவர்களுக்குப் பழகிவிட்டது. "அவன் அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். புகுமுக வகுப்பிலோ படிவம் ஒன்றிலோ காலடி வைத்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. முப்பது புதிய முகங்கள், பாடத்துக்கு ஓர் ஆசிரியர், நாள் முழுக்க மலாய்மொழி. முதல் வாரத்தில் ஒட்டிய பெயர் படிவம் ஐந்துவரை உரியாது. தனித்து நிற்பவனை அரவணைக்கத் தயாராகப் பள்ளிக்கு வெளியே வேறு கூட்டங்கள் காத்திருக்கின்றன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் சமூகத் திறன் வகுப்பில் சேர்த்துவிடலாமா? ஏமாற்றமான செய்தி இங்கேதான். அத்தகைய பயிற்சிகளைச் சோதித்த 25 ஆய்வுகளை 2019-இல் காக்ரேன் அமைப்பு ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஆசிரியர்களின் மதிப்பீட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் தென்படவில்லை. அறைக்குள் உட்காரவைத்து விதிகளைச் சொல்லிக்கொடுத்தால், ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பச் சொல்கிறோம். இடறும் இடத்திலேயே, இடறும் நேரத்திலேயே உதவி கிடைக்க வேண்டும் என்று உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார்.

எனக்குப் பிடித்த வழி அமோரி மிகாமி என்ற உளவியலாளருடையது. அவர் பிள்ளைக்குப் பாடம் எடுப்பதை விட்டுவிட்டுப் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் பார்த்தது பத்து வயதுக்குட்பட்டவர்களை; பதின்ம வயதினருக்குச் சற்று மாற்றிக்கொள்ளலாம். முதலில், பத்துப் பேரோடு பழக வைக்கும் ஆசையை விடுங்கள். பொறுமையுள்ள ஒரே ஒரு நண்பன் போதும். அவனைச் சனிக்கிழமை வீட்டுக்கு அழையுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு மட்டும். சும்மா உட்கார்ந்து பேசச் சொல்லாதீர்கள். மிதிவண்டி பழுதுபார்ப்பது, மீன் பிடிப்பது, கேரம் ஆடுவது என்று கையில் ஒரு வேலை இருக்கட்டும். வேலை இருந்தால் பேச்சுக்குத் தானாகவே முறை வந்துவிடும். நண்பன் வருவதற்குச் சற்று முன்னால் ஒரே ஒரு குறிக்கோளை நினைவூட்டுங்கள்: "இன்னைக்கு அவன் பேசி முடிச்சதும் ஒரு கேள்வி கேளு." ஐந்து அறிவுரை சொன்னால் ஐந்தும் காற்றில் போகும். தவறினால் நண்பன் முன்னால் திட்டாமல், அம்மாவும் மகனும் முன்பே பேசிவைத்த ஒரு சைகை காட்டினால் போதும்.

புலனத்தில் இன்னும் கவனம் தேவை. கோபத்தில் அனுப்பிய குரல்பதிவு வகுப்புக் குழு முழுக்கச் சுற்றிவிடும். எழுதியதை அனுப்புமுன் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்து, ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டு வரும் பழக்கத்தை ஏற்படுத்தலாம்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. மிகாமி குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் இப்பிள்ளைகளைத் தனியே திருத்தி, அவர்களின் நல்ல குணத்தை மற்றவர் முன்னால் பாராட்டினர். சக மாணவர்கள் அவர்களை ஒதுக்குவது குறைந்தது. வகுப்பு நடுவே ஒருவனைப் பத்து முறை பெயர் சொல்லி அதட்டினால், இவனை வெறுக்கலாம் என்று மீதி முப்பது பேருக்கும் நாமே அனுமதி கொடுத்தது போல் ஆகும். கட்டொழுங்கு ஆசிரியரிடம் அனுப்புவது சில வேளை தவிர்க்க முடியாதது, மறுக்கவில்லை. ஆனால் அறிவியல் கூடத்தில் கருவிகளைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்தால் எல்லாரும் அவனைத் தேடி வருவார்கள்.

பெண்பிள்ளைகளைப் பெரும்பாலும் தவறவிடுகிறோம். அவர்கள் ஓடியாடாமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேச்சின் பாதியில் மனம் எங்கோ போய்விடுவதால் தோழிகள் "திமிர்" என்று விலகுவார்கள்.

மெத்தில்பெனிடேட் போன்ற மருந்து அவசரத்தனத்தைத் தணிக்க உதவும். நண்பனைத் தேடித் தராது. மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கி, வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதமாவது நீடித்திருந்தால்தான் இந்தக் குறைபாடு என்று கருதுவார்கள். ஆகவே அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போகும்போது பிள்ளையின் பழைய தேர்ச்சி அறிக்கைகளையும் வகுப்பாசிரியர் எழுதிய குறிப்பையும் கொண்டுபோங்கள். அங்கிருந்து கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா போன்ற பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கிடைக்கும். சமூக நல இலாகா இதனைக் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் சேர்த்திருக்கிறது. பதிவு செய்வதா இல்லையா என்பது குடும்பத்தின் விருப்பம். கிளினிக்குக்கு எதற்காகப் போகிறோம் என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பதினான்கு வயதுப் பையன் அதை டாக்டரின் அறையில் முதன்முதலாகக் கேட்கக் கூடாது.