தாய்லாந்தில் ஓர் ஊஞ்சலும் ஒரு குளமும்

தாய்லாந்து போய் வந்ததில் இருந்து "அங்க என்னதான் பாக்கணும்?" என்று கேட்கிறார்கள். என் பட்டியலில் கடற்கரை கடைசியில்தான் வரும். முதலில் பாங்காக்கில் ஓர் ஊஞ்சல். அடுத்தது தெற்கே ஒரு மியூசியத்தில் இருக்கும் உடைந்த கல். ரெண்டுமே நம்ம ஊர் சமாச்சாரம், ஆனால் ரெண்டும் வேற வேற கதை. வாட்ஸப்பில் ரெண்டையும் ஒரே குழம்பாக்கி, "ராஜேந்திர சோழன் கொண்டுபோன தமிழ்" என்று சுற்ற விடுகிறார்கள். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

நான் வளர்ந்தது ராஜபாளையம். மார்கழி வந்தால் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் நீராட்டு உற்சவம். அங்கிருந்து சில கிலோமீட்டரில், வயல்களுக்கு நடுவே ஒரு சின்னப் பாறைக்குன்று. மேலே சீனிவாசப் பெருமாள் கோயில். புரட்டாசி சனிக்கிழமை கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் குன்றின் பேர் திருவண்ணாமலை. வெளியூர் நண்பர்களிடம் "திருவண்ணாமலைக்குப் போய்ட்டு வந்தேன்" என்றால் கிரிவலமா என்று கேட்பார்கள். இல்லைங்க, இது பெருமாள் திருவண்ணாமலை! இந்தப் பெயர்க் குழப்பத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பாங்காக்கில் தேவைப்படும்.

பாங்காக்கின் பழைய நகரத்தில், வாட் சுதாத் புத்த கோயிலுக்கு முன்னால் நடுரோட்டில் நிற்கிறது அந்த ஊஞ்சல். பேர் சாவ் சிங் சா. சிவப்பு நிறத்தில் சுமார் 21 மீட்டர் உயரமான தேக்குத் தூண்கள், மேலே வேலைப்பாடு செய்த குறுக்குச் சட்டம். ஊஞ்சல் பலகை மட்டும் கிடையாது. முதலாம் ராமா மன்னர் காலத்தில் 1784-ல் அமைத்தது. இப்போதுள்ள இடத்துக்கு 1920-ல் மாற்றினார்கள். மரம் பழசாகிவிட்டதால் வடக்கே பிரே மாகாணத்துத் தேக்கைக் கொண்டுவந்து புதுப்பித்து 2007-ல் விழா எடுத்தார்கள். ஒரு காலத்தில் நாலு நாலு பேராக இதில் ஏறி ஆடுவார்கள். எதிரே உயரமான கம்பத்தில் கட்டிய பண முடிப்பை, ஊஞ்சல் உச்சிக்குப் போகும்போது பல்லால் கவ்வி எடுக்க வேண்டும். 1935-க்கு அப்புறம் ஆட்டம் நின்றுபோனது.

ஆட்டம்தான் நின்றது, சடங்கு நிற்கவில்லை. ஊஞ்சலுக்கு மிக அருகில் தேவஸ்தானம் என்ற பிராமணர் கோயில் இருக்கிறது. அதுவும் 1784-ல் வந்ததுதான். சிவன், பிள்ளையார், திருமால் மூவருக்கும் தனித்தனிச் சன்னதி. அரண்மனைச் சடங்குகளைச் செய்வது இந்தப் பிராமணர்களே. 2019 முடிசூட்டு விழாவிலும் இவர்கள் இருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை இங்கே 15 நாள் விழா. சிவன் பூமிக்கு வந்து 10 நாள் தங்குகிறார், அதை ஒட்டித் திருமால் வந்து 5 நாள் தங்குகிறார் என்பது நம்பிக்கை. சிவனுக்கான பகுதியின் பேர் திரியம்பவாய். திருமாலுக்கானது திரிபவாய்.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை!

மாணிக்கவாசகர் திருவெம்பாவையைப் பாடியது திருவண்ணாமலையில் என்பது மரபு. கிரிவலத் திருவண்ணாமலை. ஆண்டாள் திருப்பாவை பாடியது ஸ்ரீவில்லிபுத்தூரில், நம்ம குன்றுக்குப் பக்கத்தில். நம்மிடம் சிவன் கோயிலுக்கு ஒன்று, பெருமாள் கோயிலுக்கு ஒன்று என்று பிரிந்திருக்கும் ரெண்டு பாவையும் அங்கே ஒரே விழாவின் முன்பாதி, பின்பாதி. இப்போது அது தாய் நாட்காட்டியின் இரண்டாம் மாதத்தில், பெரும்பாலும் ஜனவரியில் வருகிறது. முன்பு முதல் மாதத்தில் நடந்தது. கிட்டத்தட்ட நம்ம மார்கழி.

பெயர் ஒற்றுமை மட்டும் என்றால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன். தனிநாயகம் அடிகள் 1950-களிலேயே இதைப் பற்றி எழுதினார். பிறகு லண்டனில் தமிழ் கற்பித்த ஜான் மார், பாங்காக் பிராமணர்களிடம் இருந்த கிரந்த வகை எழுத்துச் சுவடிகளைப் பார்த்து, அவற்றில் தமிழ்ப் பாட்டுகளை அடையாளம் கண்டார். ஓதுகிறவர்களுக்கு அது மந்திரம், பொருள் தெரியாது. தாய் நாக்கில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி ஒலி ரொம்பவே மாறிவிட்டது. பழைய டிஸ்கி எழுத்துருக் கோப்பை யூனிகோடில் திறந்தால் வருமே, அந்த மாதிரி. பார்க்கக் குப்பை, ஆனால் தகவல் உள்ளேதான் இருக்கிறது. எந்த முறையில் எழுதியது என்று தெரிந்தவர் வந்தால் மீட்டுவிடலாம்.

ஊஞ்சலையும் திருப்பொன்னூசலோடு சேர்த்துப் பேசுகிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் தாய்லாந்தில் சொல்லப்படும் கதையில் ரெண்டு தூணும் மலைகள், ஆடுகிறவர்கள் நாகர்கள், பூமி உறுதியாக நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. பாட்டுக்குச் சுவடி இருக்கிற மாதிரி ஊஞ்சலுக்கு இல்லை. அதனால் பாட்டை மட்டும் நம்ம கணக்கில் வரவு வைக்கிறேன்.

அடுத்தது கல். பாங்காக்கில் இருந்து தெற்கே, மலாய் தீபகற்பத்தில் நகோன் சி தம்மராத் என்ற ஊர். அங்கே சாலையின் ஒரு பக்கம் சிவன், எதிர்ப்பக்கம் திருமால் என ரெண்டு சின்னக் கோயில்கள். சிவன் கோயிலருகே பாங்காக் ஊஞ்சலின் குட்டித் தம்பி மாதிரி ஒன்று நிற்கிறது. கூட்டமே கிடையாது, எனக்கு பாங்காக்கைவிட இதுதான் பிடித்தது. அதே ஊரின் தேசிய அருங்காட்சியகத்தில் தகுவாபா கல்வெட்டு இருக்கிறது. தகுவாபா மேற்குக் கடற்கரை ஊர், வங்காள விரிகுடாவில் வரும் கப்பல்களுக்கு வசதியான இடம். அதற்கு உள்நாட்டில், ஆற்றோரக் குன்று ஒன்றில் கிடைத்த கல் இது. அந்தக் குன்றின் பேர் காவ் பிர நராய். தமிழில் சொன்னால் நாராயணன் மலை.

கல்லில் தமிழ் எழுத்தில் சில வரிகள், மேல்பகுதி சிதைந்திருக்கிறது. ஹுல்ட்ஸ் படித்தார், பின்னால் நீலகண்ட சாஸ்திரி மறுபடி படித்தார். விஷயம் எளிமையானது: ஒருவர் குளம் தோண்டினார், அதன் பேர் அவனிநாரணம், அது மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் ஆகியோரின் பாதுகாப்பில் இருக்கும். தோண்டியவர் ஊர்ப் பெயரில் எழுத்துகள் போய்விட்டன. மிஞ்சியதை வைத்து நாங்கூர் என்று நிரப்பிப் படிக்கிறார்கள். சீர்காழி பக்கத்து நாங்கூர்.

அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர், நந்திக் கலம்பகத்து நாயகன். அப்படின்னா கல்லின் காலம் 9-ஆம் நூற்றாண்டு. ராஜேந்திரனின் கடற்படையெடுப்பு 1025-ல். அவன் மெய்க்கீர்த்தியில் வரும் தலைத்தக்கோலம் இந்தத் தகுவாபாதான் என்று பலர் கருதுகிறார்கள். அது சரியென்றால், சோழப்படை வந்து இறங்குவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே அங்கே தமிழில் பேர் வைத்த குளம் இருந்தது. மணிக்கிராமம் ஒரு வணிகக் குழு. 849-ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் கொல்லத்திலும் அவர்கள் வருகிறார்கள். கொல்லத்தில் ஒரு கிளை, தகுவாபாவில் ஒரு கிளை என்று யோசித்துப் பாருங்கள். சரக்கை இறக்கிவிட்டு அடுத்த காற்றில் திரும்பிவிடுகிறவன் எதற்குக் குளம் வெட்டுகிறான்? அதற்குக் காவலுக்கு ஆள் வேறு? அங்கே தங்கி வாழ்ந்திருக்கிறார்கள்.

அந்தக் குன்றுப் பகுதியிலேயே மூன்று கற்சிலைகளும் இருந்தன. நடுவில் திருமால், பக்கத்தில் மண்டியிட்ட இருவர். மார்க்கண்டேயர், பூமிதேவி என்று அடையாளம் சொல்கிறார்கள். ரொம்ப நாள் ஒரு மரத்தின் வேர்கள் அவற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. இப்போது புக்கெட் தீவில் தலாங் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆண்டாளை பூமிதேவியின் அவதாரம் என்று கேட்டு வளர்ந்த ஊர்க்காரன், அந்தச் சிலை முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றதில் தப்பில்லை.

இயற்கைக் காட்சி வேண்டும் என்பவர்களுக்கு இதே மாகாணத்தில் பங்கா விரிகுடா. கடலுக்குள் இருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புக்கல் குன்றுகள். படகு, கூட்டம், சத்தம் எல்லாம் உண்டு. காலை சீக்கிரம் போங்கள், அவ்வளவுதான்.

அங்கிருந்து கிராபி வரை போகிறவர்கள் குளோங் தோம் ஊரில் கட்டாயம் இறங்கணும். அங்கே ஒரு புத்த கோயில் வளாகத்தில் சின்ன மியூசியம். தட்டையான கல் ஒன்று, தங்கத்தை உரைத்துப் பார்க்கும் உரைகல். தமிழ் பிராமியில் "பெரும்பதன் கல்" என்று பொறித்திருக்கிறது. எழுத்தமைதியை வைத்து 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். பல்லவன் குளத்துக்கும் அஞ்சு நூற்றாண்டு முன்னால். ராஜா பேர் இல்லை, சாமி பேர் இல்லை. பட்டறையில் தன் சாமானை வேற யாரும் எடுத்துடக் கூடாதென்று பேர் எழுதி வைத்திருக்கிறார் ஒரு தட்டார்.