கணிப்பொறியின் உள்ளகமும் சாதன இயக்கிகளும்

2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19-ஆம் நாள், வெள்ளிக்கிழமையன்று, புதுதில்லி இந்திரா காந்தி பன்னாட்டு விமான நிலையத்தில் புறப்படும் விமானங்களின் விவரங்கள் வெண்பலகையில் கையால் எழுதி வைக்கப்பட்டன. நாட்டின் வேறு சில விமான நிலையங்களில் பயணிகள் விமானம் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டுகளும் பேனாவினால் எழுதித் தரப்பட்டன. மின்சாரம் தடைப்படவில்லை, பகைவர் எவரும் தாக்கவும் இல்லை. கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் பாதுகாப்பு நிரலுக்காக அனுப்பிய சிறிய தரவுக் கோப்பு ஒன்றே இத்தனைக்கும் காரணம். அக்கோப்பு இந்திய நேரப்படி காலை 9 மணி 39 நிமிடத்திற்கு வெளியாயிற்று. 10 மணி 57 நிமிடத்திற்குத் திருத்தப்பட்டது. இடைப்பட்ட 78 நிமிடங்களில் அதைப் பெற்று உலகெங்கும் செயலிழந்த விண்டோஸ் கணிப்பொறிகள் ஏறத்தாழ 85 இலட்சம் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மதிப்பிட்டது.

தில்லி லோதி சாலையருகே மின்னணு நிகேதனில் இயங்கும் இந்தியக் கணிப்பொறி அவசரநிலைக் குழு அன்றைய தினமே எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. அரசின் தேசியத் தகவலியல் மையத்தின் வலையமைப்பு பாதிக்கப்படவில்லை என்று அமைச்சர் அறிவித்தார். ஆயினும், பாதிக்கப்பட்ட நிறுவனங்களின் பணியாளர்கள் பட்ட பாடு சிறிதன்று. செயலிழந்த பொறி தானாக மீண்டும் தொடங்கும். தொடங்கியவுடனே மறுபடியும் நின்றுவிடும். ஆகையால், திருத்திய கோப்பைத் தொலைவிலிருந்து அனுப்பியும் பல பொறிகளுக்கு அது சென்று சேரவில்லை. ஒருவர் ஒவ்வொரு பொறியின் முன்னும் அமர்ந்து, அதைப் பாதுகாப்பு முறையில் தொடங்கி, அக்கோப்பைக் கையால் நீக்க வேண்டியதாயிற்று.

ஒரு சிறு கோப்பு முழுப் பொறியையும் நிறுத்தவல்லதாவது எவ்வாறு என்பதே இங்கு ஆராயத்தக்கது.

உள்ளகமும் அதன் குடிகளும்

கணிப்பொறியில் கடிதம் எழுதும் நிரல், கணக்குப் போடும் நிரல் முதலியன ஒவ்வொன்றும் தனித்தனி அறையில் குடியிருப்பவை போன்றவை. ஒன்று பழுதுற்றால் அது மட்டுமே நிற்கும். இவ்வறைகளைப் பிரித்துக் கொடுத்து, நினைவகத்தையும் நேரத்தையும் பங்கிட்டு நடத்தும் தலைமை நிரலே கெர்னல் எனப்படும் உள்ளகம். உள்ளகத்திற்குள் அத்தகைய சுவர்கள் இல்லை. அங்குள்ள எந்தப் பகுதியும் நினைவகத்தின் எந்த இடத்தையும் தொடலாம். அங்கு ஒரு பிழை நேர்ந்தால், எது கெட்டது, எது கெடவில்லை என்று அறிய இயலாமையால், பொறி முழுவதையும் நிறுத்துவதே வழக்கம். விண்டோஸ் பொறிகளில் அன்று தோன்றிய நீலத்திரை அதன் அடையாளமாகும்.

அச்சுப்பொறி, வட்டு, வலையட்டை, ஒளிப்படக் கருவி ஆகிய ஒவ்வொரு சாதனத்தின் மொழியையும் அறிந்து உள்ளகத்திற்கு எடுத்துரைக்கும் சிறு நிரல் சாதன இயக்கி, அதாவது டிரைவர். இவை பெரும்பாலும் உள்ளகத்திற்குள்ளேயே குடியிருப்பவை. கிரவுட்ஸ்டிரைக்கின் பாதுகாப்பு நிரல் சாதனம் எதையும் இயக்கவில்லை எனினும், பொறியின் எல்லா நிகழ்ச்சிகளையும் கண்காணிக்கும் பொருட்டு அதுவும் ஓர் இயக்கியாகவே உள்ளே இடம் பெற்றிருந்தது.

லினக்ஸ் உள்ளகத்தை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அறிஞர்கள், இயக்கிகளில் காணப்படும் பிழைகளின் விகிதம் உள்ளகத்தின் ஏனைய பகுதிகளைவிட மூன்று முதல் ஏழு மடங்கு வரை மிகுதி என 2001-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். இதில் வியப்பில்லை. இயக்கியை எழுதுபவர் தம் சாதனத்தை நன்கறிவார். உள்ளகத்தின் விதிகளை அவ்வளவு அறியார். அவ்விதிகளிற் பல ஏட்டில் இல்லாமல் வழக்கத்தில் மட்டுமே இருந்தன என்பதே மெய்யான குறை.

இருபத்தோராவது அறை

அன்று நேர்ந்த பிழையை ஓர் அஞ்சல் நிலையத்தைக் கொண்டு விளக்கலாம். கடிதங்களைப் பிரித்துப் போடும் பலகையில் 20 அறைகள் உள்ளன எனக் கொள்க. மேலிடத்திலிருந்து வந்த பட்டியலோ 21 அறைகள் எனக் கூறுகிறது. இருபத்தோராவது அறையில் எதையும் பார்க்க வேண்டாம் என்று பட்டியல் சொல்லும் வரை இம்முரண் எவருக்கும் புலப்படாது. ஒரு நாள் அவ்வறையிலுள்ளதை எடுத்துப் பார்க்குமாறு கட்டளை வருகிறது. ஊழியர் கேள்வியின்றிப் பலகைக்கு அப்பால் கையை நீட்டுகிறார்.

நடந்தது இதுவே. கோப்பின் வரையறையில் 21 மதிப்புகள் குறிக்கப்பட்டிருந்தன; இயக்கிக்குத் தரப்பட்டவை 20. முன்னைய கோப்புகள் இருபத்தோராவது மதிப்பைக் குறித்து எதையும் கேட்காமையால் பிழை மறைந்து கிடந்தது. ஜூலை 19-ஆம் நாளின் கோப்பு கேட்டது. இயக்கி தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைப் படிக்க முயன்று உள்ளகத்தையே வீழ்த்திற்று.

இப்பிழைக்கு எல்லை மீறல் என்று பெயர். இதனையொத்த மற்றொன்று காலம் மீறல்: ஒருவர் காலி செய்து சென்ற வீட்டில், பழைய சாவியைக் கொண்டு மீண்டும் நுழைவது போன்றது. உள்ளகங்கள் பெரும்பாலும் எழுதப்பட்டுள்ள சி மொழி இவ்விரண்டையும் தடுப்பதில்லை. எழுதுபவரின் விழிப்பையே நம்புகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் நிரல்களில் ஆண்டுதோறும் திருத்திய பாதுகாப்புக் குறைகளுள் ஏறக்குறைய 70 விழுக்காடு நினைவகப் பிழைகளே என 2019-இல் தெரிவித்தது.

இடைமுகத்தை அமைக்கும் முறை

இயக்கிக்கும் உள்ளகத்திற்கும் இடையே உள்ள வாயிலை இடைமுகம் என்பர். தவறான வழியில் அதனைப் பயன்படுத்தவே இயலாதவாறு அமைப்பதுதான் நினைவகக் காப்புள்ள இடைமுகத்தின் நோக்கம். 2006-இல் கிரேடன் ஹோர் என்பவர் தொடங்கி, 2015 மே திங்களில் முதற் பதிப்பு வெளியான ரஸ்ட் என்னும் நிரல்மொழி இதற்குப் பெரிதும் துணைபுரிகிறது. 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1 பதிப்பில் அம்மொழிக்கு முதன்முறையாக இடம் தரப்பட்டது.

இம்மொழியின் அடிப்படை விதியைப் பள்ளி வருகைப் பதிவேட்டைக் கொண்டு மாணவர்க்கு விளக்கலாம். பதிவேட்டைப் பலர் ஒரே சமயத்தில் படிக்கலாம். அல்லது ஒருவர் மட்டும் எழுதலாம். படிப்பவர் இருக்கும்போது எழுதுதல் கூடாது. பதிவேட்டுக்குப் பொறுப்பாளர் எப்போதும் ஒருவரே. அவர் பொறுப்பு முடியும்போது ஏடு அலமாரிக்குத் திரும்பும், அதன்பின் எவரிடமும் அதன் பிரதி உரிமை இராது. நிரலை மொழிபெயர்த்துப் பொறிக்கு ஏற்றதாக்கும் தொகுப்பி இவ்விதிகளைச் சரிபார்த்து, மீறிய நிரலை ஓட விடாமலே மறுத்துவிடுகிறது.

இயக்கிகளின் பொருட்டு இவ்விதி நுட்பமாக விரிக்கப்பட்டுள்ளது. சாதனத்தின் பதிவகங்கள் நினைவக முகவரிகளாகவே இயக்கிக்குத் தோன்றும். லினக்ஸின் ரஸ்ட் இடைமுகத்தில், அப்பகுதியின் நீளம் அதன் வகைப் பெயரோடு சேர்த்தே குறிக்கப்படுகிறது. முன்னரே அறிந்த இடத்தைப் படிக்கும் கட்டளை எல்லைக்கு வெளியே சென்றால் நிரல் தொகுக்கப்படுவதே இல்லை. இடம் ஓடும்போதுதான் தெரியும் என்றால், வேறொரு கட்டளை அவ்விடத்தைச் சோதித்து, தவறாயின் பிழைக் குறியைத் திருப்பித் தருகிறது.

பூட்டுகளின் அமைப்பும் குறிப்பிடத்தக்கது. சி மொழியில் பொருள் ஓரிடத்திலும் பூட்டு வேறோரிடத்திலும் இருக்கும். எந்தப் பூட்டு எந்தப் பொருளுக்கு என்பது எழுதியவருக்கே வெளிச்சம். புதிய முறையில் பொருள் பூட்டிய பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. திறவாமல் தொட வழியில்லை.

யூ.எஸ்.பி. சாதனத்தைப் பயனாளர் திடீரெனப் பிடுங்கிவிடும் வேளைதான் இயக்கிகளுக்குப் பெரும் சோதனை. அதற்கெனத் திரும்பப் பெறத்தக்க உரிமை என்னும் ஏற்பாடு உள்ளது. இயக்கி சாவியைத் தன்னிடம் வைத்திராது. ஒவ்வொரு முறையும் காவலரிடம் கேட்டுப் பெற வேண்டும். சாதனம் அகற்றப்பட்டால், காவலர் உள்ளே இருப்பவர் வெளிவரும் வரை காத்திருந்து கதவை அடைத்துவிடுவார். பின்னர்க் கேட்பவருக்கு ‘இல்லை’ என்ற விடையே கிட்டும்.

இவ்வளவும் செய்தபின்னும் வன்பொருளை நேரே தொடும் சில வரிகளைத் தொகுப்பியால் சரிபார்க்க இயலாது. அவ்வரிகளுக்குக் ‘காப்பற்றது’ என வெளிப்படையாக முத்திரையிட வேண்டும். அது ஏன் தீங்கற்றது என்ற விளக்கத்தையும் அருகில் எழுதுதல் லினக்ஸ் குழுவினரின் விதி. இவ்வரிகளை இடைமுகத்திற்குள் அடக்கிவிட்டு, இயக்கி எழுதுபவரின் கைக்கு எட்டாமல் வைப்பதே சிறந்த அமைப்பு. பிழை அடியோடு நீங்கிவிடுவதில்லைதான். எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. சாதனமே மையச் செயலியின் துணையின்றி நினைவகத்தில் எழுதும் முறையை மட்டும் எம்மொழியும் கட்டுப்படுத்தாது. அதற்கு வன்பொருளிலேயே காவல் அமைப்பு வேண்டும்.

மறுத்தலும் நிறுத்தலும்

ஜூலை 19-ஆம் நாளின் இயக்கி ரஸ்டில் எழுதப்பட்டிருந்தால் விபத்து நேர்ந்திராது என்று கூறுவோர் உண்டு. இக்கூற்று பாதியே சரி. ரஸ்டில் வரிசையின் எல்லைக்கு அப்பாலுள்ள உறுப்பைச் சாதாரண முறையில் கேட்டால், தவறான நினைவகம் படிக்கப்படமாட்டாது. ஆனால் நிரல் அவ்விடத்திலேயே நின்றுவிடும். உள்ளகத்திற்குள் நிரல் நிற்பதென்பது பொறி நிற்பதே. தகவல் கசியாது, கெடாது என்பது பெரும் நன்மையே. ஆயினும் விமான நிலையத்தில் வெண்பலகை அப்போதும் வேண்டியிருந்திருக்கும். உறுப்பு இருந்தால் தருக, இன்றேல் இல்லை எனக் கூறுக என்று கேட்கும் முறையும் அம்மொழியில் உண்டு. எம்முறையைக் கட்டாயமாக்குவது என்பது இடைமுகத்தை அமைப்பவரின் பொறுப்பு. நினைவகம் போதாதபோது நிரலை நிறுத்தும் வழக்கம் உள்ளகத்திற்கு ஒவ்வாதென 2021-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் கண்டித்ததும் இதுபற்றியே.

கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் மேற்கொண்ட திருத்தங்களும் இத்திசையிலேயே அமைந்தன. நிரல் ஓடும்போது எல்லையைச் சோதித்தல் ஒன்று; மதிப்புகளின் எண்ணிக்கையைத் தொகுக்கும் வேளையிலேயே சரிபார்த்தல் மற்றொன்று. இவற்றோடு, கோப்புகளை எல்லாப் பொறிகளுக்கும் ஒருசேர அனுப்பாமல் படிப்படியாக அனுப்பும் ஏற்பாடும் செய்யப்பட்டது.

சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளத்தின் உள்ளகமும் லினக்ஸே; ஆகையால் அங்கு நிகழும் மாற்றங்கள் இந்நாட்டு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அயலானவை அல்ல. மாற்றம் எளிதாக நடைபெறவில்லை. இரு மொழிகளைப் பேணும் சுமை யாரைச் சாரும் என்று 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லினக்ஸ் பராமரிப்பாளர்களிடையே கடும் வாதம் மூண்டது. அவ்வாண்டு டிசம்பரில் டோக்கியோவில் கூடிய அவர்கள், ரஸ்ட் இனிச் சோதனை நிலையில் இல்லை என முடிவு செய்தனர். இருப்பினும் லினக்ஸின் இயக்கிகளுள் மிகப் பெரும்பாலானவை சி மொழியில் அமைந்தவையே. மைக்ரோசாஃப்ட் வேறொரு வழியை நாடிற்று: பாதுகாப்பு நிரல்கள் உள்ளகத்திற்கு வெளியே, ஏனைய நிரல்களைப் போல் தனியறையில் இயங்குவதற்கான இடைமுகத்தின் முன்னோட்டத்தை 2025 ஜூலையில் அந்நிறுவனங்களுக்கு வழங்கத் தொடங்கிற்று.