றங்குப்பெட்டியில் உறங்கும் வம்சம்

சென்ற மாதம் வெள்ளவத்தையில் எம் உறவினர் இல்லமொன்றில் பழைய றங்குப்பெட்டி ஒன்றைத் திறந்தபோது நாமும் உடனிருந்தோம். உள்ளே மலாயாவிலிருந்து வந்த கடிதக்கட்டு. பாதியைக் கறையான் அரித்துவிட்டது. எஞ்சியவற்றில் “அன்புள்ள தங்கச்சிக்கு” என்ற விளி தெளிவாயிருந்தது. அந்தத் தங்கச்சி யாரென்று சொல்ல வல்லார் அங்கு ஒருவருமிலர். அறிந்திருந்த பெரியம்மா முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். கடிதம் இருந்தும் உறவு தொலைந்தது.

கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயிலை நிறுவியவர் பொன்னம்பல முதலியார். சேர் இராமநாதனும் (1851–1930) சேர் அருணாசலமும் (1853–1924) அவர் புதல்வர்கள். இவர்களுடைய தாய்மாமனாகிய சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரே கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமி (1877–1947). வம்சாவளி கையிலிருப்பதாலன்றோ, ஆனந்தர் மற்றிருவருக்கும் மைத்துனர் முறையினர் என்று இன்றும் நாம் அறிகின்றோம்!

அருணாசலம் பதிவாளர் நாயகமாயிருந்து 1901ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கை நடத்தியவர். ஆயினும் அரசாங்க ஏடு பிறப்பையும் இறப்பையும் கூறுமேயன்றி உள்ளத்தைக் கூறாது. அதனைக் கூறுவது கடிதம். ஆனந்தரின் கடிதங்கள் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்திற் பேணப்படுகின்றன. அவற்றுள் தேர்ந்தவை, அவர் மைந்தரும் பதிப்பாசிரியருள் ஒருவராக, 1988இல் நூலாயின.

பெரியோர் குடும்பத்துக்கே இது பொருந்தும் என்று எண்ணற்க. கடல் கடந்து உழைத்தவர் அனுப்பிய பணம், சீதனப் பேச்சு, ஊர்க் கோயிற் செய்தி ஆகியவை சாதாரணக் கடிதங்களிலேயே உள. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களுடன் பிரதியற்ற ஏடுகளும் சாம்பராயின. ஒன்றை ஓரிடத்தில் மட்டும் வைத்தலாகாது என்பதே அந்நெருப்பு தந்த பாடம். 2005இல் தோன்றிய ‘நூலகம்’ எண்ணிம ஆவணகம் ஈழத்து ஏடுகளைப் படமெடுத்து இணையத்திற் காத்து வருகின்றது.

வீட்டிற் செய்யவேண்டியவை எளியன. உறையைக் கடிதத்துடனேயே வையுங்கள். அஞ்சல் முத்திரை நாளுரைக்கும். கிழிந்த இடத்தில் பசைநாடா ஒட்டாதீர்கள். நிழற்படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்லப் பெயரெழுதுங்கள். ஆவணகத்துக்குக் கொடுக்குமுன், உயிரோடிருப்போரின் அந்தரங்கம் உண்டாயின் அவர்தம் சம்மதம் பெறுங்கள்.

மாணவர்களே, வரும் விடுமுறையில் ஒரு கொப்பியுடன் அம்மம்மாவின் அருகில் அமருங்கள். கடிதத்தில் வரும் ஒவ்வொரு பெயரும் யாருடையது, என்ன முறை என்று கேட்டெழுதுங்கள். கறையான் காத்திருப்பதில்லை, முதுமையும் அப்படியே.