பெட்டி பத்திரமாக இருக்கிறது, முகவரிதான் மாறிவிட்டது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாலாஜாபாத்தில் எங்கள் வீட்டுக்குப் புது ஃபைபர் கனெக்‌ஷன் வந்தது. வந்த இளைஞர் அரை மணி நேரத்தில் பழைய ரவுட்டரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புதியதைச் சுவரில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். போனில் நெட் வந்தது, டிவியிலும் வந்தது. வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

சாயங்காலம் அப்பா, அம்மாவின் மணிவிழாப் படங்களைத் தேடிக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். படங்கள் இருக்கும் ‘இசட் டிரைவ்’ மேல் சிவப்புப் பெருக்கல் குறி. தொட்டால், நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்ற செய்தி. அலமாரியில் பேக்கப் பெட்டி எப்போதும்போல் பச்சை விளக்கைக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதற்குள்தான் பத்து வருடப் படங்களும், நிலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றின் ஸ்கேன் நகல்களும் இருக்கின்றன.

ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து வந்திருந்த தங்கை மகன் ஒரு குண்டூசியோடு பெட்டிக்குப் பின்னால் குனிந்தான்.

“மாமா, இங்க ஒரு சின்ன ஓட்டை இருக்கு. ரீசெட் அடிச்சிட்டா சரியாயிடும்.”

“அதைத் தொடாதப்பா. முதல்ல என்ன ஆச்சுன்னு பார்ப்போம்.”

இந்தக் கட்டுரையே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். ரவுட்டரை மாற்றியதும் பேக்கப் பெட்டி காணாமல் போனால், பெரும்பாலும் உள்ளே இருப்பதற்கு எதுவும் ஆகியிருக்காது. அதைத் தேடிப் போகும் வழிதான் அறுந்திருக்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது வாலாஜாபாத்துக்கும் அவளூருக்கும் இடையிலான தரைப்பாலம் சேதமடைந்து போக்குவரத்து நின்றது. அக்கரையில் ஊர் அப்படியேதான் இருந்தது, வழிதான் இல்லை. அதுபோலத்தான் இதுவும். ஆனால் பதற்றத்தில் நாம் செய்யும் காரியங்கள் ஊரையே அழித்துவிடக் கூடும்.

லாக்கர் எண்ணும் அடையாள அட்டையும்

நாஸ் என்று கடைக்காரர்கள் சொல்லும் இந்தப் பெட்டி, லேன் கேபிள் வழியாக ரவுட்டரில் சேரும் ஒரு ஹார்டு டிஸ்க். உள்ளே ஒரு சின்ன கம்ப்யூட்டரும் உண்டு. வீட்டில் உள்ள எந்தப் போனும் லேப்டாப்பும் அதோடு பேசலாம். பேசுவதற்கு அதன் முகவரி தெரிய வேண்டும்.

அதற்கு இரண்டு எண்கள் உண்டு. முதலாவது மேக் முகவரி. தயாரிக்கும்போதே கொடுக்கப்படுவது. எண்களும், ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் கலந்த 12 இலக்கங்கள். முதல் ஆறு இலக்கங்கள் தயாரித்த கம்பெனியைக் காட்டும். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஸ்டிக்கரில் அச்சிட்டிருப்பார்கள். இரண்டாவது ஐ.பி. முகவரி. இது பெட்டியோடு பிறந்ததல்ல, ரவுட்டர் கொடுப்பது.

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எண் மாறாது. அன்றைக்குக் கிடைக்கும் லாக்கரின் எண் மாறும். வேறு பிளாண்டுக்கு அனுப்பினால் அங்கே வேறு வரிசை, வேறு லாக்கர். பழைய லாக்கர் எண்ணைச் சொல்லித் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். அட்டை எண்ணைச் சொன்னால் கிடைப்பார்.

வீட்டு ஐ.பி. முகவரிகள் 192.168 என்று தொடங்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். உலகம் முழுவதற்கும் சேர்த்து இந்த வகை முகவரிகள் சுமார் 430 கோடிதான். எல்லாக் கருவிகளுக்கும் போதாது என்பதால், வீடு, அலுவலகம் ஆகியவற்றின் உள்ளே மட்டும் புழங்குவதற்கென்று சில வரிசைகளை 1990-களில் ஒதுக்கினார்கள். அதில் ஒன்று 192.168 என்று தொடங்கும் 65,536 முகவரிகள். உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இதே எண்கள் இருக்கலாம், வாசலைத் தாண்டாததால் குழப்பம் இல்லை.

இந்த எண்களை ரவுட்டர் பங்கிடும் முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். 1993-ல் வகுக்கப்பட்டு 1997-ல் இன்றைய வடிவத்துக்கு வந்தது. பெட்டி ஆன் ஆனதும் “எனக்கு முகவரி கொடுப்பது யார்?” என்று வீட்டு வலை முழுக்கக் கேட்கிறது. “இந்த எண் காலியாக இருக்கிறது” என்கிறது ரவுட்டர். “அதையே எடுத்துக்கொள்கிறேன்” என்கிறது பெட்டி. “பதிந்துவிட்டேன், இத்தனை நேரத்துக்கு உனக்குத்தான்” என்று ரவுட்டர் முடிக்கிறது. நான்கே வரிப் பேச்சு, ஒரு நொடிக்குள் நடந்துவிடும்.

எங்கள் பழைய ரவுட்டர் 192.168.1 என்ற வரிசையில் எண் கொடுத்துவந்தது. பெட்டிக்கு 50. புதிய ரவுட்டரின் வரிசை 192.168.29. இசட் டிரைவோ 192.168.1.50 என்ற கதவையே தட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவே இப்போது இல்லை.

இருபது நிமிட வேலை

பெட்டியை அதன் பட்டனை அழுத்தி முறையாக அணைத்து, இரண்டு நிமிடம் விட்டு மீண்டும் ஆன் செய்தோம். புது ரவுட்டரிடம் அது புது எண் கேட்டு வாங்கட்டும் என்பதற்காக. பிறகு பிரவுசரில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தோம். அதன் முகவரியும் பாஸ்வேர்டும் ரவுட்டரின் அடியிலேயே ஒட்டியிருக்கும். இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் ஒன்பது வரிகள். எது டிவி, எது போன் என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தங்கை மகன் பெட்டியின் ஸ்டிக்கரை டார்ச் அடித்து ஒவ்வொரு இலக்கமாகப் படித்தான். ஆறாவது வரியில் மேக் முகவரி பொருந்தியது. எதிரே இருந்த எண் 192.168.29.7.

இரண்டு சாய்கோடு போட்டு அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினோம். பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்ததும் மணிவிழாப் படங்கள் வரிசையாக வந்து நின்றன. அடுத்து, ரவுட்டரின் பக்கத்தில் முகவரி ஒதுக்கீடு என்ற இடத்தில் அந்த மேக் முகவரிக்கு இந்த எண்ணையே நிரந்தரமாகப் பதிந்தோம். கடைசியாகப் பழைய இசட் டிரைவ் இணைப்பை நீக்கிவிட்டுப் புதிய எண்ணோடு மறுபடி இணைத்தோம். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம்.

எல்லா வீட்டிலும் இவ்வளவு சுலபமாக முடியாது. வேறு நான்கு காரணங்கள் அடிக்கடி குறுக்கே வரும்.

ஒன்று, பெட்டிக்கு யாரோ முன்பே நிலையான எண்ணைக் கையால் எழுதி வைத்திருப்பது. அப்போது அது புதிய ரவுட்டரிடம் எண்ணே கேட்காது. புதிய ரவுட்டரின் உள்முகவரியைப் பழைய ரவுட்டருக்கு இருந்த முகவரியாகவே மாற்றிவிடுவது இதற்கு எளிய வழி. தெரு பழைய பெயருக்குத் திரும்பிவிட்டால் கதவு எண் தானாகப் பொருந்திவிடும்.

இரண்டு, வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் இருப்பது. ஃபைபர் கம்பெனி மாட்டும் பெட்டியே ஒரு ரவுட்டர்தான். அதன் பின்னால் நாம் வாங்கிய ரவுட்டரையும் மாட்டினால் ஒரே வீட்டில் இரண்டு தெருக்கள் உருவாகிவிடும். பேக்கப் பெட்டி ஒன்றிலும் லேப்டாப் மற்றொன்றிலும் இருந்தால் சந்திக்காமலே போகலாம். இரண்டையும் ஒரே ரவுட்டரில் சேர்க்க வேண்டும்.

மூன்று, லேப்டாப் விருந்தினர் வைஃபையில் இருப்பது. அதில் சேர்கிறவர்களுக்கு இணையம் உண்டு, வீட்டுக் கருவிகளைப் பார்க்க அனுமதி இல்லை.

நான்கு, பெட்டி கேபிள் இல்லாமல் வைஃபையில் ஓடும் வகையாக இருப்பது. புதிய ரவுட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் வைத்துவிட்டால் வீட்டிலுள்ள கருவிகள் பெரும்பாலும் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும். பழைய கருவிகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான் தெரியும், அது அணைந்திருக்கக் கூடாது.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். ரவுட்டரின் லேன் துளை நொடிக்கு 100 மெகாபிட் வகையா, 1,000 மெகாபிட் வகையா என்று பார்த்து மாட்டுங்கள். 1,000 ஜி.பி. தரவை நகலெடுக்க, முழு வேகத்தில் ஓடினாலும் முதலாவதில் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டாவதில் இரண்டேகால் மணி நேரம் போதும்.

ஒரகடம் வரை வந்த பாடம்

எண் சரி, பாஸ்வேர்டு சரி, ஆனாலும் விண்டோஸ் கம்ப்யூட்டர் பழைய பெட்டியோடு பேச மறுக்கிறது என்றால் அதற்குப் பின்னால் நம் பக்கத்து ஊரையும் தொட்ட ஒரு கதை இருக்கிறது.

கோப்புகளைப் பகிர விண்டோஸ் பயன்படுத்தும் மொழிக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்தது. அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி 2017 மே 12-ம் தேதி வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களின் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் தடுமாறின. ரெனால்ட்-நிசான் கூட்டணிக்குப் பிரான்ஸ், பிரிட்டன், ஸ்லோவேனியா, ருமேனியா ஆகிய நாடுகளோடு இந்தியாவிலும் ஆலைப் பணி பாதிக்கப்பட்டது. இந்தியாவில் அந்தக் கூட்டணியின் ஆலை இருந்த இடம் ஒரகடம்.

அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்.எம்.பி. முதல் பதிப்பு புது நிறுவல்களில் சேர்க்கப்படவில்லை. அந்த ஒரு மொழி மட்டுமே தெரிந்த பழைய பெட்டியோடு புதிய கம்ப்யூட்டர் பேசாமல் இருப்பது இதனால்தான். அதை மறுபடி திறந்துவிடும் வழியைச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். புதுப்பிக்க வழியில்லை என்றால் உள்ளே இருப்பதை நகலெடுத்துக்கொண்டு அதற்கு ஓய்வு கொடுங்கள்.

வெளியூரிலிருந்தும் பெட்டியைப் பார்க்கலாமே என்று புது ரவுட்டரில் இணையத்துக்குக் கதவு திறந்து வைப்பதும் ஆபத்து. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற பழைய பெட்டிகளை, மென்பொருள் ஓட்டை வழியாக யாரோ எங்கிருந்தோ ரீசெட் செய்தார்கள். உலகம் முழுவதும் பலர் காலையில் எழுந்தபோது பெட்டி காலியாக இருந்தது. அந்த மாடலுக்கு 2015-க்குப் பிறகு மென்பொருள் புதுப்பிப்பே வரவில்லை.

தொடக்கூடாத இரண்டு பட்டன்கள்

முதலாவது, குண்டூசி ஓட்டை. சில மாடல்களில் சில விநாடி அழுத்தினால் நெட்வொர்க் அமைப்பும் பாஸ்வேர்டும் மட்டும் மாறும். சிலவற்றில் அதிக நேரம் அழுத்தினால் பெட்டி புதிதாக நிறுவும் நிலைக்கே போய்விடும். மாடலுக்கு மாடல் வேறுபடும். கையேட்டைப் படிக்காமல் தொடக்கூடாது.

இரண்டாவது இன்னும் ஆபத்தானது. பெட்டி வலையில் தெரியவில்லை என்றதும் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி. வழியாக நேரே கம்ப்யூட்டரில் சொருகுகிறார்கள். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை லினக்ஸ் முறையில் கோப்புகளை அடுக்கி வைக்கின்றன. விண்டோஸுக்கு அந்த அடுக்கு புரியாது, அதனால் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து ‘சரி’ சொல்லும் அந்த நொடியில்தான் உண்மையான இழப்பு தொடங்குகிறது. அதுவரை எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது.

சிறிய நகரங்களிலும் வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்துகொண்டிருக்கிறது. ரவுட்டர் மாறும், கம்பெனி மாறும், வரிசை எண் மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு குண்டூசி அந்த ஓட்டையை நோக்கிப் போகும். அதைத் தடுக்க, பழைய ரவுட்டரைக் கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அதன் முகவரி, வைஃபை பெயர், இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேக்கப் பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரையும் படம் எடுங்கள். படம் எடுத்தபின், ரவுட்டரை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், அதை ரீசெட் செய்து கொடுங்கள், உங்கள் பாஸ்வேர்டுகள் அதில் இருக்கின்றன. ரீசெட் செய்ய வேண்டியது அந்த ரவுட்டரைத்தான், பேக்கப் பெட்டியை அல்ல.

பெட்டியில் மட்டும் இருக்கும் படம் பேக்கப் ஆகாது. பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய எளிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். இடி இறங்கினாலும், வீட்டுக்குள் தண்ணீர் வந்தாலும் அந்த மூன்றாவது நகல் பிழைக்கும். எங்கள் மணிவிழாப் படங்களின் ஒரு நகல் இப்போது ஒரு சிறிய ஹார்டு டிஸ்க்கில் காஞ்சிபுரத்தில் தங்கை வீட்டு பீரோவில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் படங்களுக்கும் இந்த வாரமே அப்படி ஓர் இடம் பாருங்கள்.