பிறர் இடத்தில் வழுக்கி விழுந்தால்

நமது திலக் நகரில் வீட்டுவசதி வாரியத்தின் பழைய கட்டடங்கள் பல இடிபட்டு, அந்த இடங்களில் கோபுரங்கள் எழுந்துவிட்டன. சொரசொரப்பான சிமெண்டுத் தரை போய், வாசலிலேயே பளபளக்கும் டைல்ஸ். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால், ஈரச் செருப்போடு அதில் கால் வைக்கிற வயசானவங்க பாடு திண்டாட்டம்.

நம்மவர்கள் விழுந்தால் முதலில் பார்ப்பது, யாராவது பார்த்துட்டாங்களா என்பதைத்தான். பிறகு "ஒண்ணுமில்லே, பரவாயில்லே" என்று நொண்டிக்கொண்டே வீடு சேருவார்கள். எலும்பில் விரிசல் என்பது மறுநாள் எக்ஸ்ரேயில் தெரியும். அதற்குள் தரை காய்ந்திருக்கும். கடை வைத்திருப்பவன் என்பதால் சொல்கிறேன்: விழுந்தவர் எழுந்திருப்பதற்குள் பையன் துணியோடு வந்து துடைத்துவிடுவான். நல்ல பழக்கம்தான், ஆனால் சாட்சியமும் அந்தத் துணியோடு போய்விடும்.

இங்கிலாந்தில் இடத்தின் பொறுப்பாளருக்கென்றே 1957இல் தனிச்சட்டம் வந்தது. இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை; தீர்ப்புகள்தான் வழிகாட்டி. 1951இல் டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு இடிந்து பலர் மாண்டனர். பழுது வெளியே தெரியவில்லை என்று நகராட்சி வாதாடியது. தெருவோரக் கட்டடத்தைப் பராமரிப்பது உடையவர் கடமை, தெரியாது என்றால் தப்ப முடியாது என்று 1966இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஈரத்தரை வழக்கில் கேள்வி சற்று மாறும். தண்ணீர் எவ்வளவு நேரம் கிடந்தது? எச்சரிக்கைப் பலகை இருந்ததா? விளக்கு எரிந்ததா?

விழுந்தவரும் பார்த்து நடந்தாரா என்று எதிர்த்தரப்பு கேட்கும். கவனக்குறைவு இருபக்கமும் இருந்தால் இழப்பீடு குறையும். எங்கள் சமண முனிவர்களுக்கு ஈர்யா சமிதி என்று ஒரு நியமம்; நான்கு முழம் முன்னே தரையைப் பார்த்தே நடக்கவேண்டும். அது துறவிக்கு. மளிகைப் பையோடு வரும் அம்மாவிடம் அதை எதிர்பார்க்க முடியுமா?

ஆகவே உடனே செல்போனில் தரையையும் செருப்பையும் படமெடுக்கச் சொல்லுங்கள். பார்த்தவர் பெயர், நம்பர் வாங்குங்கள். சொசைட்டி செயலாளருக்கோ கடை மேலாளருக்கோ அன்றே கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி அதிலேயே எழுதுங்கள். சில நாட்களில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். டாக்டரிடம் "கால் வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கே, எப்படி விழுந்தோம் என்பது கேஸ் பேப்பரில் ஏறவேண்டும். கையில் ஐயாயிரம் வைத்து "முழுத் தீர்வு" என்று நீட்டும் தாளில், சிகிச்சை முடியுமுன் கையெழுத்துப் போடக்கூடாது.

காசு கொடுத்துப் போன ஹோட்டல், மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம் உண்டு. கெடு இரண்டு ஆண்டு; 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். விருந்தாளியாகப் போன வீட்டு வளாகம் என்றால் சிவில் கோர்ட்டுதான். இழப்பீட்டில் பங்கு பேசி வழக்கு நடத்துவது அமெரிக்காவில் சகஜம். நம் வக்கீல்களுக்கு அது தடை. செலவைக் கணக்குப் போட்டே இறங்கவேண்டும்.

மும்பை மாநகராட்சி மீது வழக்கென்றால் 1888ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மாத நோட்டீஸ், ஆறு மாதத்துக்குள் வழக்கு; பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். சாலைக் குழி, திறந்த சாக்கடைக் குழி இவற்றுக்கு மட்டும் பாதை சற்று எளிதாகியிருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சமும், காயத்துக்கு 50,000 முதல் 2.5 லட்சம் வரையும் தர 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.