பாட்டரி குற்றமா, வரத்துக் குற்றமா?

அரும்பாவூர் ஏரி வற்றினால் ஊரார் ஏரியைத் திட்டுவதில்லை. பச்சைமலையில் மழை பெய்ததா, வரத்து வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறதா, மதகில் கசிவா என்றுதான் பார்ப்பார்கள். மோட்டார் சைக்கிள் விஷயத்தில் மட்டும் இந்த நிதானம் நமக்கு வருவதில்லை. காலையில் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்ற ஓசைதான் வருகிறது, ஹாரன் முனகுகிறது. "பாட்டரி போச்சு" என்று தீர்ப்புக் கூறி, வெங்காயம் விற்ற காசில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டுகிறோம். பத்தே நாளில் அதுவும் படுத்துவிட்டால்?

பாட்டரி வெறும் ஏரிதான். வண்டி ஓடும்போது மின்சாரத்தை உண்டாக்குவது வேறொன்று. எஞ்சினோடு சேர்ந்து ஒரு காந்தச் சக்கரம் சுழல்கிறது. அதனுள்ளே செம்புக் கம்பிச் சுருள்கள் அசையாமல் நிற்கின்றன. 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இங்கு வேலை செய்கிறது. இதில் பிறப்பது மாறுதிசை மின்னோட்டம். பாட்டரிக்கோ நேர்த்திசை மின்னோட்டம் வேண்டும். ஆகவே இடையில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. மெக்கானிக்குகள் இதை 'ரெகுலேட்டர்' என்பார்கள். மின்னோட்டத்தை ஒரே திசையில் செல்லவிடுவதும், மின்னழுத்தம் எல்லை மீறாமல் காப்பதும் இதன் பணி.

இனிச் சோதனைக்கு வருவோம். ஒரு மல்டிமீட்டர் போதும். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டரியில் அமிலம் உண்டு. மின்னேற்றும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரலாம். பீடி, தீக்குச்சி பக்கத்தில் வரக்கூடாது.

வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருந்த பிறகு பாட்டரியின் இரு முனைகளிலும் அளந்து பாருங்கள். 12 வோல்ட் பாட்டரிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். எனவே 12.6 இருந்தால் ஏரி நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. காலியானதை முதலில் வெளிச் சார்ஜரில் ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அளவு நம்மை ஏமாற்றும்.

இப்போது திறந்தவெளியில் எஞ்சினை ஓடவிட்டு, சற்று முறுக்கியபடி மறுபடி அளக்க வேண்டும். பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை ஏறினால் வரத்து நன்றாக உள்ளது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. பாட்டரித் தண்ணீர் வற்றும், பல்புகள் அடிக்கடி கருகும். எவ்வளவு முறுக்கினாலும் 12 சொச்சத்திலேயே நின்றால் வரத்து இல்லை. (எஞ்சின் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதைச் செய்யவே வேண்டாம். மின்னழுத்தம் திடீரென்று எகிறி மின்னணுப் பாகங்களைச் சுட்டுவிடும்.)

வரத்து எங்கே நின்றது? விலையுள்ள பாகங்களைச் சந்தேகிக்கும் முன் எஞ்சினை நிறுத்திவிட்டு, சுருளிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் கம்பிகளின் இணைப்பைப் பிரித்துப் பாருங்கள். வயல்காட்டுப் புழுதியும் மழை ஈரமும் புகுந்து உலோகம் பச்சை பூத்திருக்கலாம். அந்தப் பூப்பு அரை ஓம் தடை தருவதாக வைத்துக்கொள்வோம். 5 ஆம்பியர் அதன் வழியே பாய்ந்தால் ஓமின் விதிப்படி 2.5 வோல்ட் அங்கேயே தொலையும். தொலைந்தது 12.5 வாட் வெப்பமாக மாறி பிளாஸ்டிக்கை உருக்கும். பழுப்பேறிய இணைப்பைக் கண்டால் பாதித் துப்பு துலங்கியது எனலாம். சுத்தம் செய்து இறுக்குவதோடு கோளாறு தீர்ந்துவிடுவதும் உண்டு.

இணைப்பு சுத்தமாக இருந்தால், அதைப் பிரித்தபடியே சுருளைச் சோதிக்கலாம். மீட்டரை மாறுதிசை மின்னழுத்தத்தில், 200 வோல்ட் அளவில் வையுங்கள். பல வண்டிகளில் மூன்று மஞ்சள் கம்பிகள் வரும். எஞ்சினை ஓடவிட்டு இரண்டிரண்டாக மூன்று ஜோடிகளையும் அளக்க வேண்டும். மூன்றும் ஏறக்குறைய சமமாக இருந்து, முறுக்க முறுக்க ஏறினால் சுருள் நலம். சந்தேகம் ரெகுலேட்டர் மீது விழுகிறது. ஒரு ஜோடி மட்டும் தாழ்ந்தால் சுருள் கருகியிருக்கும். 50 வோல்ட்டுக்கு மேலும் எழக்கூடும். வெறும் முனையைக் கையால் தொடாதீர்கள்.

"முன்விளக்கு எரிகிறதே, சார்ஜ் ஆகாமலா இருக்கும்?" என்று கேட்பார்கள். பழைய வண்டிகள் பலவற்றில் முன்விளக்கு சுருளிலிருந்து நேராக மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பாட்டரி செத்தாலும் அது எரியும். 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் புதிய இருசக்கர வண்டிகளில் முன்விளக்கு பகலிலும் எரிகிறது. 35 வாட் பல்பு என்றால் சுமார் 3 ஆம்பியர் செலவு. கடைவீதியில் ஊர்ந்து ஊர்ந்து போனால் வரவைச் செலவு மிஞ்சக்கூடும்.

வரத்தும் சரி, பாட்டரியும் புதிது, ஆனாலும் இரவில் வற்றுகிறதா? மதகில் கசிவுதான். சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக இணையுங்கள். இந்த நிலையில் ஸ்டார்ட்டரை அழுத்தவே கூடாது. ஓரிரு மில்லி ஆம்பியர் இருந்தால் கவலையில்லை. 50 இருந்தால், 5 ஆம்பியர்-மணி பாட்டரி 100 மணி நேரத்தில், அதாவது நாலே நாளில், காலி. கடையில் மாட்டிய கூடுதல் ஹாரன், செல்போன் சார்ஜர், அலங்கார விளக்கு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வாருங்கள். எதைப் பிரிக்கும்போது மீட்டரில் எண் சட்டென்று விழுகிறதோ, கசிவு அங்கேதான்.