முதலில் அட்டவணை, பிறகு இணையப் பக்கம்

காலாப்பட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் 1985-ல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சற்றுத் தள்ளிப் பிள்ளைச்சாவடியில், முன்பு பொறியியல் கல்லூரியாக இருந்த புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். உள்ளே கணினி அறிவியல் படிப்பவர்களுக்கு ஆசிரியரும் பாடத்திட்டமும் உண்டு. மதிலுக்கு வெளியே, வணிகவியலோ வரலாறோ படித்துவிட்டு இணைய நிரலாக்கம் கற்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் எங்கே தொடங்குவது என்று தெரிவதில்லை. பலர் யூடியூபில், பக்கம் கட்டும் கருவியான ரியாக்டின் பாடத்தைத் திறந்து, பாதியில் திகைத்து, தமக்கு இது வராது என்று மூடிவிடுகிறார்கள். வராதது அவர்கள் குறை இல்லை. நுழைந்த வாசல்தான் தவறு.

சரியான வாசலைக் காட்ட ஓர் உதாரணம்: பேருந்து முன்பதிவுத் தளத்தில் ஊரையும் தேதியையும் கொடுத்ததும், பிரவுசர் அதை எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்புகிறது. அங்குள்ள நிரல் தரவுத்தளத்தைக் கேட்டு, கிடைத்த பதிலைப் பக்கமாக்கித் திருப்பி அனுப்புகிறது. கண்ணுக்குத் தெரிவது பக்கம் மட்டும். தளத்தின் உயிர் தரவுத்தளத்தில் இருக்கிறது. ஆகவே கடைசியில் இருப்பதிலிருந்தே தொடங்குங்கள் என்பேன். தரவை அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும் கோட்பாட்டை ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் 1970-ல் வெளியிட்டார். அதையொட்டிப் பிறந்த எஸ்கியூஎல் மொழி அரை நூற்றாண்டாக நிலைத்திருக்கிறது. பக்கம் கட்டும் கருவிகளோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகின்றன.

தரவு சேர்க்கப் பெரிய படிப்பு வேண்டும் என்பதும் இல்லை. புதுவையே அதற்குச் சாட்சி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்றுக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. தானிய விலை, அரசுத் திட்டங்கள் போன்ற விவரங்களைத் திரட்டித் தமிழில் கணினியில் ஏற்றியதில் கிராமத்துத் தன்னார்வலர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, பெரும் பங்கு உண்டு. வீராம்பட்டினத்தில், இணையத்திலிருந்து எடுத்த அலை உயர முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு வாசித்தார்கள். எந்த விவரம் ஊருக்கு வேண்டும் என்று அந்தத் தன்னார்வலர்களுக்குத் தெரிந்திருந்தது. கணினி அதன்பின் வந்தது.

நீங்களும் உங்கள் ஊர் விவரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காலாப்பட்டுக்காரருக்கு மீன் ஏலம் இருக்கிறது. ஒரு நோட்டில் கட்டம் போட்டுத் தேதி, படகு, உரிமையாளர், கைபேசி எண், மீன், எடை, விலை என்று பத்து வரி எழுதிப் பாருங்கள். ஒரே கைபேசி எண் திரும்பத் திரும்ப வரும். அந்த எண் மாறினால் எத்தனை இடத்தில் திருத்துவது? இந்தக் கேள்வி எழுந்துவிட்டால் பாதித் தூரம் கடந்தாயிற்று. படகு விவரம் ஓர் அட்டவணை, அன்றாடப் பிடிப்பு இன்னொன்று. இரண்டையும் இணைப்பது படகின் பதிவெண்.

இதைக் கணினியில் ஏற்ற எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் போதும். இலவசம், சர்வர் வேண்டாம், தரவெல்லாம் ஒரே கோப்பில் அடங்கும். கணினி இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு கைபேசியில் டெர்மக்ஸ் செயலி வழியாகவும் நிறுவலாம். எஸ்கியூஎல்லின் செலக்ட், வேர், ஜாயின், குரூப் பை ஆகிய நான்கும் பழகினால், எந்தப் படகு இந்த வாரம் எவ்வளவுக்கு வஞ்சிரம் விற்றது என்று கேட்டுப் பதில் வாங்கலாம். ஒரு கவனம்: அப்டேட், டெலீட் கட்டளைகளில் வேர் பகுதியை விட்டுவிட்டால் மாற்றம் எல்லா வரிகளிலும் பாயும்.

தமிழில் ஏற்றும்போது சில வியப்புகள் காத்திருக்கும். ‘காலாப்பட்டு’ நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் துணைக்காலும் புள்ளியும் தனிக் குறியீடுகள் என்பதால் எஸ்கியூலைட் அதை 11 என்று எண்ணும்; யூடிஎஃப்-8 முறையில் 33 பைட். பெயர்களை வரிசைப்படுத்தினால் ‘அழகன்’ முன்னும் ‘அவ்வை’ பின்னும் வரும். நம் அகரவரிசையில் வகரத்துக்குப் பின்னே ழகரம். யூனிகோடு எண்களில் அது தலைகீழ். சரியான வரிசை விதியை பைத்தான் மொழியில் நாமே எழுதிக் கொடுக்கலாம். தமிழில் தரவுத்தளம் கட்டுகிறவர் இதை முதல் மாதத்திலேயே அறிந்திருப்பது நல்லது.

பிறகு, பக்கத்தை வரையும் எச்டிஎம்எல். ஒரு படிவமும் ஓர் அட்டவணையும் வரைய ஒரு வாரம் போதும். பக்கத்தையும் தரவுத்தளத்தையும் இணைக்க பைத்தானும் அதன் ஃப்ளாஸ்க் கருவியும் போதும், பிஎச்பியும் நல்லதே. ஒன்றைப் பிடித்தால் முடியும்வரை விடாதீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் இதற்குப் பிறகு.

இணைக்கும் அன்றே பழக வேண்டிய ஒழுக்கம் ஒன்று உண்டு. படிவத்தில் ஒருவர் தட்டியதை எஸ்கியூஎல் வாக்கியத்தோடு அப்படியே ஒட்டாதீர்கள். ஒட்டினால், பெயர்க் கட்டத்தில் மேற்கோள் குறியோடு ஒரு கட்டளையைத் தட்டி, பிறர் தரவைப் படிக்கவோ அழிக்கவோ முடியும். மதிப்பு வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறியை வைத்து, மதிப்பைத் தனியாக அனுப்புங்கள். அப்போது அது வெறும் தரவாகவே நடத்தப்படும்.

ஆங்கிலம் தடையாக இருந்தால் கணியம் அறக்கட்டளையின் இலவச மின்னூல்கள் இருக்கின்றன. து. நித்யாவின் ‘எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்’ அவற்றில் ஒன்று. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியலிலும் தமிழ்க் குரலில் பாடங்கள் உண்டு. பலர் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் தளம் கட்டும் நாளில் எஸ்கியூலைட்டை விட்டு மைஎஸ்கியூஎல்லுக்கோ போஸ்ட்கிரெஸுக்கோ போக வேண்டியிருக்கும். படகு அட்டவணையில் பழகிய எஸ்கியூஎல் அங்கேயும் ஏறக்குறைய அப்படியே உதவும்.